நெஞ்சுக்குப் பிறகு வயிறு

இதயத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவள் என்றுதான் என்னை இன்றைக்கும் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். கேட்கிறவர்களும் உடனே நெஞ்சைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எனக்கு அந்த ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் வயிறுதான் ஞாபகத்துக்கு வருகிறது. நெஞ்சில் கத்தி வைத்ததை நான் தூங்கியே கழித்துவிட்டேன். வயிறு என்னைத் தூங்க விடவில்லை. இதயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் குடலுக்கு என்ன வந்தது என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் ஓய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. காரைக்கால் நகராட்சி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. வயசானவர்கள் அந்த ஆபீசை பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் ‘மேரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலத்தெருவில் வாடகை வீடு. என் கணவர் கலியபெருமாள் அங்கிருந்து தினமும் சைக்கிளில் சுரக்குடிக்குப் போய், அண்ணனோடு சேர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பொழுது சாய்ந்து திரும்புவார். பெண் ஒன்று, பையன் ஒன்று.

கல்யாணமான புதிதில் நாங்களும் சுரக்குடியில்தான் இருந்தோம். தனியாக வந்ததற்குக் காரணம் என் மூச்சு. கைபம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவந்தால் பாதி வழியில் இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நெல் அவிக்கிற நாளில் அண்டாவிலிருந்து கூடையில் அள்ளிப் போய்க் களத்தில் கொட்ட வேண்டும். இரண்டு கூடைக்கு மேல் என்னால் முடியாது. மார்பு படபடவென்று அடித்து, பேச்சு வராமல் நிற்பேன். என் கணவருடைய அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, தனபாக்கியம் அக்கா. இரட்டை ஆள் வேலையை ஒற்றையாகச் செய்கிறவர். வாயும் அப்படித்தான். “நாற்காலியில ஒக்காந்து பழகுன ஒடம்பு, வளையுமா?” என்பார். இரண்டாவது குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது, நெல் அவித்த ஒரு நாள், கூலியாட்கள் முன்னால், “நல்லா நடிக்கிறாடி, இவ மாதிரி நடிக்க நமக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டார். அந்த மாசமே தலத்தெருவில் வீடு பார்த்தோம். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் எங்களுக்குள் பேச்சில்லை. கல்யாணம் காட்சியில் பார்த்தால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நான் சோம்பேறிதானோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஆபீஸ் மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தேன். படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினேன். ஒருநாள் இருமியபோது சளியில் ரத்தம் வந்தது. டி.பி.யோ என்று பயந்து டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். கேட்டுவிட்டு, “சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து படுத்தீங்களா?” என்றார்.

படுத்தேன். நான்காம் வகுப்பு படிக்கும்போது. முழங்கால் ஒரு நாள் வீங்கும், அது வடிந்து மணிக்கட்டு வீங்கும். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போவார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டர் விளக்கினார். இதயத்தில் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. நடுவில் கதவு மாதிரி ஒரு வால்வு. அந்தக் காய்ச்சல் மூட்டோடு போகாமல் கதவையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. கதவு தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, வழி சுருங்கிவிட்டது. கீழே இறங்க வேண்டிய ரத்தம் மேலேயே தேங்கி நுரையீரலுக்குள் முட்டுகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான். “மாத்திரையில கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனா மெட்ராஸ் போயி அந்த வழிய விரிச்சு விட்டுக்கிறதுதான் நல்லது” என்றார்.

மெட்ராஸுக்கு மூன்று தடவை போய்வந்தோம். மாயவரம் வரை பஸ், அப்புறம் ரயில். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி. அங்கே காத்திருப்பதுதான் முதல் வியாதி என்று எனக்குப் பட்டது. எக்ஸ்ரேக்கு ஒரு பெஞ்சு, ஈ.சி.ஜி.க்கு ஒரு பெஞ்சு, ரத்தம் கொடுக்க ஒரு பெஞ்சு. நம் பெயரைக் கூப்பிடும்போது ஒன்றுக்குப் போயிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். என் கணவர் அதற்காகவே வெளியே ஒரு டீ குடிக்கக்கூடப் போகமாட்டார். கடைசியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். பெண்கள் வார்டு, கூட ஒரு பெண்தான் தங்கலாம் என்றார்கள்.

எனக்கு அம்மா இல்லை, கூடப் பிறந்தவளும் இல்லை. என் கணவர் சுரக்குடியில் அண்ணனிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் தனபாக்கியம் அக்கா ஒரு துணிப்பையோடு தலத்தெரு வீட்டு வாசலில் நின்றார்.

“வாங்க” என்றேன்.

“ரயிலு எத்தன மணிக்கு?” என்றார். “புள்ளைங்கள எங்க வீட்டுல விட்டுடு. பெரியவ பாத்துக்குவா.” பெரியவள் என்றது அவருடைய மூத்த பெண். கல்யாணத்துக்கு நிற்கிறவள்.

ரயிலில் என் கணவர் என் பக்கத்தில் இருக்க, அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சிதம்பரம் தாண்டிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

“நெசமாவே நெஞ்சுல ஓட்டையா?”

“ஓட்ட இல்லக்கா. அடைப்பு.”

“அன்னைக்கு நெல்லு அவிச்சப்பவும் இருந்துச்சா?”

“இருந்துருக்கும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெஞ்சு ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இடது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, துடிக்கிற இதயத்துக்குள்ளேயே விரலையும் கருவியையும் விட்டு, ஒட்டியிருந்த வால்வைப் பிரித்துவிட்டார்கள். கண் விழித்தபோது விலாப்புறத்திலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே பாட்டிலுக்குப் போயிற்று. இருமச் சொன்னார்கள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் தெறித்துவிடும் போலிருக்கும். ஆனால் மூச்சு, அது வேறாக இருந்தது. எத்தனையோ வருஷமாக நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருந்து எழுந்து போனமாதிரி. தட்டையாகப் படுத்தேன். ஒரே ஒரு தலையணைதான். என் கணவர் பார்க்க வந்தபோது அதைத்தான் முதலில் சொன்னேன்.

வயிறு அப்போதே கொஞ்சம் முரண்டு பிடித்தது. உப்புசம், பசியில்லை. மயக்க மருந்து கொடுத்தால் குடலும் சேர்ந்து தூங்கிவிடும், அது எழுந்திருக்க நாள் பிடிக்கும் என்று சிஸ்டர் சொன்னார். பிறகு அதுவும் சரியாகி, இட்லி சாப்பிட்டேன். வார்டில் நடக்க ஆரம்பித்தேன். வீட்டுக்குப் போக நாள் சொல்கிற நிலைமை. சம்பா அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்ததால் என் கணவர் ஊருக்குக் கிளம்பினார். “முடிச்சுட்டு வந்து அழச்சுட்டுப் போறேன்” என்றார். நான்தான் போகச் சொன்னேன். பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.

அவர் போன மறுநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், தொப்புளைச் சுற்றி வலி எடுத்தது. ஏதோ சேரவில்லை என்று நினைத்தேன். அடுத்த சில நிமிஷத்தில் அப்படி நினைக்கக்கூட முடியவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த வலி இடையில் விட்டுவிட்டு மூச்சு வாங்க நேரம் கொடுக்கும். இது விடவே இல்லை. உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டே போனது.

டியூட்டியிலிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “சாஃப்டாதான் இருக்கு. காத்துதான்மா” என்று சொல்லி ஒரு ஊசி போடச் சொன்னார். ஊசி ஒன்றும் செய்யவில்லை. வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வயிற்றால் போனது. அக்கா பெட்பேனை எடுத்துப் பார்த்துவிட்டு, அதை என் பக்கம் காட்டாமல் துணியால் மூடினார். அதில் ரத்தம் இருந்தது என்று பின்னால்தான் எனக்குத் தெரியும்.

அவர் நேரே டாக்டர் அறை வாசலில் போய் நின்றார். “சார், ஒருக்கா வந்து பாருங்க.” வருகிறேன் என்றாராம். அக்கா நகரவில்லை. “வர்றேன்னு சொன்னேன்லம்மா” என்றாராம். “ஆமாங்க சார், வாங்க, சேந்தே போவோம்” என்று அங்கேயே நின்றாராம்.

இந்தத் தடவை அந்த டாக்டர் என் வயிற்றைவிட அதிக நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாடி தாறுமாறாக ஓடியது. முகம் மாறி, போன் பண்ணப் போனார். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரும், வயிற்று ஆபரேஷன் பார்க்கிற இன்னொருவரும் வந்தார்கள். சின்னவர் அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “வலி தாங்க முடியாம துடிக்கிறாங்க சார். ஆனா வயித்தத் தொட்டா மெத்துனு இருக்கு. அதுதான் சார் எனக்கு பயமா இருக்கு.”

அந்தப் பயம் என்னவென்று பிறகு எனக்கு எளிமையாகச் சொன்னார்கள். கதவு சுருங்கியிருந்த காலத்தில் மேலறையில் ரத்தம் தேங்கி நின்றதல்லவா, தேங்கிய இடத்தில் அது உறைந்து கட்டியாகும். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு ரத்தத்தோடு புறப்பட்டுவிடும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். எனக்குப் போனது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்க்கு. அங்கே போய் அடைத்துக்கொண்டது. ரத்தம் போகாத குடல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். முதலில் வெளியே ஒன்றும் தெரியாது, வலி மட்டும்தான் தெரியும். வயிறு கல்லாகிற நேரத்தில் காலம் கடந்திருக்கும்.

பெரிய டாக்டர் கேட்டார். “வீட்டுக்காரர் எங்க?”

“ஊருக்குப் போயிருக்காரு சார். காரைக்கா பக்கம்” என்றார் அக்கா.

“எப்ப வருவார்?”

“இப்ப சொன்னா நாளைக்குத்தான் வர முடியும்.”

“நாளைக்குத் திறந்து பிரயோஜனம் இல்லம்மா. இன்னைக்கே வயித்தத் திறந்து பாக்கணும். நீங்க யாரு அவங்களுக்கு?”

“அவ ஓரகத்தி நான்.”

“பாருங்கம்மா, நான் மறைக்க விரும்பல. நெஞ்சு ஆபரேஷன் பண்ணியே இன்னும் சரியா ஆறல. இன்னொரு மயக்கத்தத் தாங்குமான்னு தெரியாது. மேஜையிலயே உயிர் போகலாம். திறக்காம விட்டா கண்டிப்பா போயிடும். யாராவது ஒருத்தர் சம்மதம் குடுக்கணும்.”

என் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டிருந்தார்கள். லைன் கிடைக்கவில்லை. தந்தியும் கொடுத்தாகிவிட்டது. அது தலத்தெருவுக்குப் போய், அங்கிருந்து யாராவது சுரக்குடிக்குப் போய், அவரைக் களத்திலிருந்து கூட்டிவர வேண்டும். அக்கா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“வசந்தா, கேட்டியா? நீ என்னடி சொல்ற?”

“தாங்க முடியலக்கா. எதையாச்சும் செய்யச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து, “எங்க வைக்கணும் சார்?” என்று இடது கையை நீட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மையை எடுத்துவந்து கட்டை விரலில் தடவி வைத்தார்கள். என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

கண் விழித்தபோது காலை. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய் வயிறு வரைக்கும் போயிருந்தது. கையில் குளுக்கோஸ். நெஞ்சில் பழைய கட்டு, வயிற்றில் புதுக் கட்டு. சிறுகுடலில் கறுத்துப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனை இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டேன். “மிச்சம் இருக்குறது போதும்” என்றார் டாக்டர்.

பிற்பகலில் என் கணவர் வந்தார். ஆனால் முதலில் குரல்தான் வந்தது. வராந்தா ஜன்னல் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

“யாரக் கேட்டு அண்ணி வெச்சீங்க? நான் வர்ற வரைக்கும் பொறுத்துருக்கக் கூடாதா? இங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?”

“ஆயிருந்தா என்னக் கேளுங்க தம்பி” என்றார் அக்கா. “இப்ப உள்ள போயி அவளப் பாருங்க.”

அதற்கு அவர் என்னவோ சொன்னார். குரல் உடைந்துபோய்ச் சரியாகக் கேட்கவில்லை. உள்ளே வந்தார். சட்டையில் வைக்கோல் தூசி அப்படியே இருந்தது. மூக்கில் குழாய், இரண்டு கையிலும் ஊசி, மார்பிலும் வயிற்றிலும் கட்டு. எங்கே தொடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கால்மாட்டுக்குப் போய் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிற நேரம் முடிந்து மணி அடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றார்.

அதன்பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதுதான் நீளம். தாகம். வாயில் ஒரு சொட்டு விடக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். அந்தப் பஞ்சைச் சப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி சோடா குடித்தால் அந்தச் சத்தம் என்னை அழவைத்துவிடும். குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீராக பாட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெத் வைப்பதோடு வயிற்றிலும் வைத்துக் கேட்பார். குடல் வேலை செய்கிற இரைச்சல் கேட்க வேண்டுமாம். கேட்காது. “இன்னும் எழுந்திருக்கல” என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் ஒரே கேள்வி: “காத்துப் பிரிஞ்சுதா?” சிஸ்டர் கேட்பார், ஆயா கேட்பார், பக்கத்துக் கட்டில் விழுப்புரத்து அம்மாள் கேட்பார். பார்வை நேரத்தில் என் கணவர் வந்து, நாலுபேர் முன்னால் எப்படிக் கேட்பது என்று தவித்து, கடைசியில் புருவத்தை மட்டும் தூக்குவார். நான் தலையசைப்பேன், இல்லை என்று.

ஒரு விடியற்காலம் அது பிரிந்தது. அக்கா கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தார். சட்டென்று எழுந்து உட்கார்ந்து, “நீயா?” என்றார். ஆமாம் என்றேன். வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். விழுப்புரத்து அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். சிரித்தால் இரண்டு தையலும் இழுத்தது, ஆனாலும் சிரித்தோம். அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குழாயை எடுத்தார்கள். முதலில் ஸ்பூனில் தண்ணீர். பிறகு பார்லித் தண்ணீர், பிறகு கஞ்சி. உள்ளே போனது எதுவும் தங்கவில்லை. குடல் குறைந்துவிட்டதால் சாப்பிட்டதை உறிஞ்ச நேரமில்லாமல் அப்படியே தள்ளிவிடும் என்றார்கள். இரண்டு கரண்டி கஞ்சிக்கு நாலு தடவை பெட்பேன். ஆயாவுக்காகக் காத்திருக்க முடியாது. அக்காதான் எல்லாம் செய்தார். கழுவி, துடைத்து, துணி மாற்றி, புண்ணான இடத்தில் எண்ணெய் தடவி. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த ஒருத்தி கையில் இப்படிக் கிடக்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் முதல் இரண்டு நாள் இருந்தது. பிறகு கூச்சப்படக்கூடத் தெம்பில்லை.

சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. கஞ்சி டம்ளர் வரும்போதே, இது எத்தனை தடவை என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். ஒருநாள் டம்ளரைத் தள்ளிவிட்டு, “போதும்க்கா. என்னால ஆவல” என்றேன்.

“எனக்கும் போதும்தான்” என்றார் அவர். “இந்த ஊரு தண்ணி எனக்கு ஒத்துக்கல. இடுப்பு விட்டுப் போவுது. ஊருக்குப் போவ வேணாமா? குடி.”

குடித்தேன். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் குடித்திருக்க மாட்டேன்.

டாக்டர் சொன்னார், மிச்சக் குடல் மெதுவாகக் கற்றுக்கொள்ளும், மாசக்கணக்காகும், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று. எண்ணெய், நெய், பால் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். ரத்தம் மறுபடி உறையாமலிருக்க மாத்திரை, அது கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டிலிருந்து எடுக்க முடியாத ஒரு வைட்டமினுக்காக மாதாமாதம் சிவப்பு நிறத்தில் ஒரு ஊசி. சின்ன வயசில் வந்த காய்ச்சல் திரும்பாமலிருக்க பென்சிலின் ஊசி, அது தனி. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது நான் நடந்து வந்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் நடுவில் தொங்கிக்கொண்டு வந்தேன். அந்த வருஷ அறுவடை நெல் வீட்டுக்கு வராமலே ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுப்போயிருந்தது.

தலத்தெருவுக்குப் போகவில்லை. அக்கா நேரே சுரக்குடிக்குக் கூட்டிப்போய்விட்டார். என் பையன் என்னைப் பார்த்து, பெரியவள் பின்னால் ஒளிந்துகொண்டான். கன்னம் ஒட்டி, முடி கொட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தேன். அவன் பக்கத்தில் வந்து படுக்கப் பத்து நாளாயிற்று. பெண் மட்டும் வந்தவுடனே என் சேலையை விலக்கித் தையலைப் பார்த்தாள். “ரெண்டு எடத்துல தச்சுருக்காங்க” என்று எல்லோருக்கும் சொன்னாள்.

அந்த வீட்டில் எனக்காகத் தனியாக ஒரு சின்னப் பானை அடுப்பேறியது. குழைய வடித்த சோறு, கொஞ்சம் மோர், வேகவைத்து மசித்த வாழைக்காய். தாளிக்கிற வாசனைகூட என் பக்கம் வராமல் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தாளிப்பார். கொஞ்சம் தேறிவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஒரு விசேஷ வீட்டில் ஒரே ஒரு வடை தின்றேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாக்கு வறண்டு, கண் சொருகி, காரைக்கால் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா திட்டவில்லை. வடையைக் கொடுத்தவர்களைத்தான் திட்டினார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஆபீசுக்குத் திரும்பினேன். எந்த நேரம் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆபீஸ்காரர்கள் ஒன்றும் கேட்காமல் என் மேஜையை மாடியிலிருந்து இறக்கி, கக்கூஸுக்குப் போகிற கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவேன், திரும்பி வந்தால் மிச்ச வரியை யாராவது அடித்து முடித்திருப்பார்கள். அடித்த காகிதத்தை மேலே கொண்டுபோகிறபோது மாடிப்படி மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். ஏறி முடித்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று தோன்றும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுரக்குடியில், சமையல்கட்டில் அக்காவும் நானும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பு ஊற்றி மற்றவர்களைப் போலச் சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வயிறு பேசாமல் இருந்தது. அப்படி இருக்கிற நேரத்தில் மனசும் கொஞ்சம் தைரியமாகிவிடும் போலிருக்கிறது. அத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

“அன்னைக்கு ரேகை வெச்சப்ப ஒங்களுக்கு பயமா இல்லையாக்கா? நான் செத்துருந்தா இவரு ஒங்கள ஜென்மத்துக்கும் மன்னிச்சுருக்க மாட்டாரே.”

“பயம் இல்லாம இருக்குமா” என்றார் அவர். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அதுக்குத்தானே கொஞ்ச நேரம் நின்னேன். இவ போயிட்டா இவ புள்ளைங்க ரெண்டையும் நாமதான் வளக்கணும், நம்மால முடியுமான்னு யோசிச்சேன். பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிரும், அப்பறம் எடம் இருக்கும்னு தோணுச்சு. முடியும்னு பட்டுது. அதுக்கப்பறந்தான் கைய நீட்டுனேன்.”

அவர் என் தட்டைப் பார்த்தார், சோற்றுப் பானையை இழுத்தார், இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

“மெதுவா சாப்புடு” என்றார்.